டி5 ஏற்றிய மஸ்டாங்: அறிகுறியை வைத்துக் கோளாறைத் தேடும் வழிமுறை

1965, 66 ஃபோர்டு மஸ்டாங்கில் 289 கன அங்குல வி8 இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் நாலு கியர் டாப்லோடர் கியர்பாக்ஸையோ சி4 ஆட்டோமேட்டிக்கையோ இறக்கிவிட்டு, 1985–93 மஸ்டாங் 5.0-இல் வந்த போர்க்-வார்னர் வேர்ல்ட் கிளாஸ் டி5 என்ற ஐந்து கியர் பாக்ஸை ஏற்றுவது அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலை. ஐந்தாவது கியர் 0.68 என்பதால் நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முதல் கியர் டாப்லோடரின் 2.78-க்குப் பதில் 3.35, புறப்படும்போது இழுவை கூடுகிறது. இன்புட் ஷாஃப்டில் அதே 10 ஸ்பிளைன் (நீளவாட்டுப் பல்), அவுட்புட்டில் அதே 28 ஸ்பிளைன் என்பதால் பழைய கிளட்ச் பிளேட்டும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்முனை யோக்கும்கூடப் போய் உட்கார்ந்துவிடும்.

இத்தனை பொருந்துவதால் மற்றதெல்லாமும் பொருந்திவிட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஏற்றி முடித்தபின் கியர் விழவில்லை, நடுக்கம், ஊளைச் சத்தம் என்று ஏதாவது வந்தால் உடனே பாக்ஸைப் பிரிக்கக் கை நீளும். வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டி5, வேறு வண்டியில் ஏறியதும் கெட்டுப்போனதுபோல் நடந்துகொண்டால், பெரும்பாலும் காரணம் பாக்ஸுக்கு வெளியே இருக்கும்: கிளட்ச், பெல் ஹவுசிங் (இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடும் கூடு) சீரமைப்பு, ஃப்ளைவீல், ஷாஃப்ட் கோணம். அவற்றையெல்லாம் தீர்த்தபிறகுதான் பாக்ஸ்.

முன்னதாக ஒரு சரிபார்ப்பு. டெயில் ஹவுசிங் போல்ட்டில் ஒரு சின்ன உலோகத் தகடு தொங்கும். அதில் 1352 என்று தொடங்கும் எண்தான் பாக்ஸின் அடையாளம். தகடு தொலைந்திருந்தால் முன்முகத்தைப் பாருங்கள். கவுண்டர் ஷாஃப்ட் இருக்கும் இடத்தில் டேப்பர் பேரிங்கின் எஃகு வளையம் வெளியே தெரிந்தால் வேர்ல்ட் கிளாஸ். தட்டையான மூடி அடித்திருந்தால் அதற்கு முந்தைய வகை. செவ்ரோலே கமாரோவிலிருந்து கழற்றிய டி5 சாய்ந்து உட்காரும் அமைப்பு. அதன் இன்புட் ஸ்பிளைனும் வேறு. மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

பாக்ஸ் முழுதாக உள்ளே போகவில்லை, கடைசியில் இடைவெளி நிற்கிறது

டி5-ஐ கையால் தள்ளினாலே பெல் ஹவுசிங் முகத்தோடு போய் ஒட்டவேண்டும். இடைவெளியைப் போல்ட்டை முடுக்கி மூடக்கூடாது. அலுமினியக் காது உடையும், பைலட் பேரிங் (கிராங்கின் பின்துளையில் இருந்து இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்குவது) நசுங்கும், அல்லது இன்புட் ஷாஃப்ட் பின்னால் தள்ளப்பட்டு உள்ளே இருக்கும் பேரிங் ஓடாமலே கெடும்.

நிற்கும் இடைவெளியின் அளவே காரணத்தைச் சொல்லும். 2 அங்குலத்துக்கு மேல் நின்றால் கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை. பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, சீரமைப்புக் கம்பியை விட்டு, மறுபடி முடுக்குங்கள். அரை அங்குலத்தைச் சுற்றி நின்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, ஷாஃப்ட் முனை பைலட்டுக்குள் நுழையவில்லை. டி5-இன் முனை 0.668 அங்குலம், கையில் இருக்கும் பைலட்டை முதலில் ஷாஃப்டில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கிராங்கில் அடியுங்கள். இன்னொன்று, 1994–95 மஸ்டாங்கின் டி5. அதன் இன்புட் ஷாஃப்ட் முந்தையதைவிட ஏறத்தாழ எட்டில் ஐந்து பங்கு, அதாவது 5/8 அங்குலம் நீளம். அந்த வண்டியின் ஆழமான பெல் ஹவுசிங் இல்லாமல் அது உட்காராது. ஷாஃப்டை மாற்றுங்கள், அல்லது அதற்குரிய பெல் ஹவுசிங்கைத் தேடுங்கள்.

சி4-இலிருந்து மாற்றும் வண்டியில் கிராங்க் துளை காலியாக இருக்கும், அதில் பைலட் போடாமலே ஏற்றிவிடுவது உண்டு. பாக்ஸ் அழகாக உள்ளே போகும். வண்டியும் கொஞ்ச நாள் ஓடும். அதற்குள் முன் பேரிங் போய்விடும்.

இன்ஜின் ஓடும்போது கியர் விழவில்லை; ரிவர்ஸ் கரகரக்கிறது

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்தபோது வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. அணைத்தபோதும் கனமாக இருந்தால் ஷிஃப்டர் அல்லது சீரமைப்பு, கீழே வருகிறது.

கிளட்ச் விடுகிறதா என்று உறுதிசெய்ய: நியூட்ரலில் ஐடில் ஓடட்டும், பெடலை முழுதாக மிதித்து மெதுவாகப் பத்து எண்ணுங்கள், பிறகு ரிவர்ஸ். பத்து எண்ணியும் கரகரத்தால் பிளேட் இழுத்துக்கொண்டே இருக்கிறது. உடனே போட்டால் மட்டும் கரகரப்பு என்றால் அது கோளாறில்லை. டி5-இன் பல வகைகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) கிடையாது. முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போட்டால் சத்தமே வராது.

இழுக்கிறது என்று தெரிந்தால், கீழே இன்ஸ்பெக்ஷன் மூடியைக் கழற்றி, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஃபீலர் கேஜை விடுங்கள். பிளேட்டைச் சுற்றி மொத்தம் 0.030 முதல் 0.050 அங்குலம் இடைவெளி வேண்டும். வரவில்லையென்றால்:

- பழைய இசட் பார் (பெடல் அசைவை ஃபோர்க்குக்குக் கடத்தும் குறுக்குத் தண்டு) இணைப்பு: பாரின் இருமுனை புஷ், இன்ஜின் பக்கத்துப் பந்து, ஃபோர்க்கைத் தள்ளும் ராடு. பெடலை மிதிக்கும்போது பாரை உற்றுப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால் வெல்டிங் விட்டிருக்கும். பெடலில் ஏறத்தாழ 1 அங்குலம் ஃப்ரீ பிளே போதும். 2 அங்குலம் விட்டால் அந்த அளவுக்கு கிளட்ச் பயணம் வீண்.
- ஃபாக்ஸ் பாடி (டி5 வந்த அந்த 1985–93 மஸ்டாங்) கேபிள்: வெளியுறை ஃபயர்வாலில் நிற்கும் இடம் வளைகிறதா என்று பாருங்கள். தகடு ஒரு கால் அங்குலம் உள்ளே போனால் கேபிள் இழுவையில் அந்தக் கால் அங்குலம் போச்சு. தகடை இரட்டிப்பாக்க வேண்டும். ஹெடர் பைப்பைத் தொட்டுக்கொண்டு போகும் கேபிள் உறை உருகி உள்ளே பிடிக்கும்.
- ஹைட்ராலிக் ரிலீஸ் பேரிங்: காற்று இருந்தால் முதல் மிதியில் விழாத கியர், இரண்டு மூன்று முறை அடித்தபின் விழும். பேரிங்குக்கும் பிரஷர் பிளேட் விரலுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி, செய்தவர் தந்த தாளில் இருக்கும். ஷிம் (அளவு சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டு அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் பாக்ஸை இறக்கித்தான் பார்க்கவேண்டும். பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். ஸ்பிரிங் துருத்தும் பக்கம் பாக்ஸை நோக்கி இருக்கவேண்டும். பைலட் புஷ் இறுக்கமாக இருந்தாலும் இதே அறிகுறிதான். கிளட்ச் விட்டிருக்கும், ஆனால் புஷ்ஷே ஷாஃப்டைச் சுற்ற வைத்துக்கொண்டிருக்கும்.

அதிக சுற்றில் மிதித்த பெடல் தரையிலேயே நின்றுவிடுகிறது

டாஷ்போர்டுக்கு அடியில், பெடல் ஆதாரத்தில் கனமான ஸ்பிரிங் ஒன்று உண்டு. பழைய மூன்று விரல் கிளட்சின் கனத்தைக் குறைப்பதற்காக ஃபோர்டு வைத்தது. பாதிக்கு மேல் பெடல் கீழே போனதும் அது பெடலைத் தரையை நோக்கி இழுக்கும். ஃபாக்ஸ் பாடியிலிருந்து வரும் டயஃப்ரம் கிளட்ச் அதே இடத்தில் இலகுவாகிவிடும். ஸ்பிரிங் ஜெயித்துவிடுகிறது, பெடல் திரும்புவதில்லை. டயஃப்ரம் போட்டால் இந்த ஸ்பிரிங் போகவேண்டும்.

கழற்றும்போது அது கையைப் பதம்பார்க்கும். ஸ்பிரிங் நீண்டிருக்கும் நிலைக்குப் பெடலைக் கொண்டுபோய், சுருள்களுக்கு இடையே வாஷர்களைச் செருகி அதே நீளத்தில் நிறுத்தி, பெடலை விட்டபின் கொக்கியிலிருந்து எடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெடல் மேலே வருவதற்கு இலேசான ஒரு திருப்பு ஸ்பிரிங் மட்டும் மாட்டினால் போதும்.

கியர் எல்லாம் கனம். இன்ஜின் அணைந்திருந்தாலும் கனம்

முதலில் ஆயில். வேர்ல்ட் கிளாஸ் டி5-க்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில்), 5.6 அமெரிக்கப் பைண்ட், ஏறத்தாழ 2.65 லிட்டர். பழைய பழக்கத்தில் 90 கியர் ஆயில் ஊற்றியிருந்தால் குளிரில் இரண்டாவது கியர் விழவே விழாது. உள்ளே கியர்கள் ஊசி பேரிங்கில் ஓடுகின்றன, சிங்க்ரோ வளையங்களில் நாரால் ஆன உள்பூச்சு இருக்கிறது. கெட்டியான ஆயில் இரண்டுக்கும் ஆகாது. வடித்துவிட்டு, ஏடிஎஃப் விட்டுக் கொஞ்சம் ஓட்டி, மறுபடி ஒருமுறை வடித்து நிரப்புங்கள்.

ஆயில் சரியென்றால் சீரமைப்பு. இந்த வேலையில் அதிகம் தவறவிடப்படுவதும், அதிகச் சேதம் செய்வதும் இதுதான். பெல் ஹவுசிங்கின் நடுத்துளை, கிராங்கின் நடுக்கோட்டில் நிற்கவேண்டும். தொழிற்சாலையில் ஒரு பிளாக்குக்கும் ஒரு பெல் ஹவுசிங்குக்கும் இருந்த பொருத்தம், வேறு வண்டியின் பெல் ஹவுசிங்கையோ அடாப்டர் பிளேட்டையோ நடுவில் சேர்த்தவுடன் போய்விடுகிறது. விலகல் இருந்தால் இன்புட் ஷாஃப்ட் பைலட்டில் ஒரு கோட்டிலும் பாக்ஸில் இன்னொரு கோட்டிலும் நிற்கும். கியர் கனமாகும், நாலாவது கழலும், பைலட் கத்தும், முன் பேரிங் தேயும். வேறுவேறு கோளாறாகத் தெரியும் இத்தனைக்கும் வேர் ஒன்று.

அளப்பது இப்படி. கிளட்சைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலை மட்டும் விடுங்கள். இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் மெல்லிய தகடு கட்டாயம் இருக்கவேண்டும். அது இல்லாமல் அளந்த அளவு செல்லாது. அடாப்டர் பிளேட் போடுகிறீர்கள் என்றால் அதையும் மாட்டி, அதன் துளையை அளக்கவேண்டும், ஏனென்றால் பாக்ஸ் உட்காரப்போவது அதில்தான். டயல் கேஜின் காந்தக் காலை ஃப்ளைவீலில் நிறுத்தி, முனையைத் துளையின் உள்சுவரில் வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையால் சீராகச் சுற்றும். 12, 3, 6, 9 மணி நிலைகளில் அளவைச் சாக்கட்டியால் பெல் ஹவுசிங் மேலேயே எழுதுங்கள். ஒரு முழுச் சுற்று முடிந்து 12-க்கு வரும்போது முள் பழைய இடத்துக்கே வரவில்லையென்றால் கேஜ் கால் நகர்ந்திருக்கிறது, மீண்டும் தொடங்குங்கள்.

மிகப்பெரிய அளவுக்கும் மிகச்சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது 0.13 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். உண்மையான விலகல் அதில் பாதி. உதாரணமாக 6 மணியில் 0, 12 மணியில் 0.014, 3-லும் 9-லும் 0.007 என்று வந்தால், வித்தியாசம் 0.014, பெல் ஹவுசிங் 0.007 அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது. முனை உள்ளே அமுங்கும் பக்கம் சுவர் கிராங்கை நெருங்கியிருக்கிறது என்று பொருள். ஹவுசிங் அந்தப் பக்கமாகவே நகரவேண்டும், இங்கே மேலே.

நகர்த்துவதற்கு ஆஃப்செட் டவல் பின்கள் (நடு விலகிய நிலைநிறுத்தும் பின்கள்) 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில் கிடைக்கின்றன. இந்த உதாரணத்துக்கு 0.007. பிளாக்கில் இருக்கும் நேர் பின்கள் இரண்டையும் எடுத்துவிட்டு இவற்றைப் போட்டு, இரண்டின் ஆஃப்செட்டும் ஒரே திசையைப் பார்க்கும்படி திருப்பி, ஹவுசிங்கை மாட்டி மறுபடி அளக்கவேண்டும். முதல் தடவையிலேயே அமைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மூன்று நாலு முறை அளப்பது சாதாரணம்.

துளை முடிந்ததும் முகம். கேஜ் முனையைப் பாக்ஸ் ஒட்டும் முகத்தில் வைத்து அதேபோல் சுற்றுங்கள். வரம்பு அதே 0.005. கூடுதலாக இருந்தால் முதலில் பெயிண்ட், துரு, பர் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பிளாக்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஷிம்.

போட்ட கியர் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது

எந்தக் கியர்கள் கழல்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 மட்டும் என்றால் ஷிஃப்டர் முன்னால் போதுமான தூரம் போகவில்லை. 2, 4, ரிவர்ஸ் மட்டும் என்றால் பின்னால். டன்னல் துளையின் ஓரத்திலோ கன்சோலிலோ லீவர் இடிக்கும். ரப்பர் பூட் மறைத்துக்கொண்டிருப்பதால் மேலிருந்து தெரியாது. பூட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கியர் நின்றுவிட்டால், துளையை அந்தப் பக்கம் அரை அங்குலம் வெட்டுவதோடு வேலை முடிந்தது.

ஸ்டாப் போல்ட் உள்ள ஷிஃப்டர் என்றால், மூன்றாவது கியரைப் போட்டு, லீவரைக் கையால் முன்னோக்கி அழுத்திக்கொண்டே போல்ட் தொடும்வரை திருகி, பூட்டு நட்டை இறுக்குங்கள். நாலாவதுக்கும் அப்படியே. போல்ட் முன்னதாகவே தடுத்தால் கியர் பாதிப் பற்களில் நின்று கழலும். போல்ட்டே இல்லாததுபோல் விலகி இருந்தால் வேகமாகப் போடும்போது உள்ளே ஃபோர்க் வளையும். லீவர் தளதளவென்று ஆடினால், அதன் அடிமுனையில் இருக்கும் நைலான் கிண்ணம் தேய்ந்திருக்கும். விலை குறைந்த சாமான், பழைய டி5 என்றால் கேள்வி கேட்காமல் மாற்றலாம்.

நடுக்கம்

நின்றபடி நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை ஏற்றுங்கள். அப்போதே நடுங்கினால், பாக்ஸுக்கும் ஷாஃப்டுக்கும் சம்பந்தமில்லை. 289 இன்ஜினும், 1981 வரையான 302-உம் 28 அவுன்ஸ்-அங்குல சமநிலை (ஃப்ளைவீலிலும் முன் பேலன்சரிலும் வைக்கும் எதிர் எடை); அதன்பின் வந்த 5.0 இன்ஜின்கள் 50. டி5-ஓடு கூடவே வந்த ஃபாக்ஸ் பாடி ஃப்ளைவீலை 289-இல் மாட்டினால் சுற்று ஏற ஏற வண்டி முழுதும் அதிரும். இரண்டுக்கும் 157 பல், போல்ட் துளையும் ஒன்றே என்பதால் மாட்டும்போது எந்தத் தடையும் தெரியாது. இப்படியே ஓட்டவேண்டாம், கிராங்க் பேரிங்கைத் தின்றுவிடும். முன்னால் இருக்கும் பேலன்சரும் இன்ஜினுக்கு உரிய அதே அளவில் இருக்கவேண்டும்.

நின்றால் நடுக்கமில்லை, ஓடும்போது குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் என்றால், அந்த வேகத்தில் கிளட்சை மிதித்து உருளவிடுங்கள். நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம்தான். கோண அளவியை ஷாஃப்ட், பாக்ஸ் முனை, டிஃபரன்ஷியல் பினியன் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். பாக்ஸ் பின்பக்கம் 3 டிகிரி கீழே சாய்ந்தால், பினியன் மூக்கு அதே 3 டிகிரி மேலே; இரண்டும் இணைகோடாக நிற்கவேண்டும். ஒவ்வொரு யூ-ஜாயிண்ட்டிலும் வளைவு 1 முதல் 3 டிகிரி, இரண்டுக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. டி5-க்கு வேறு கிராஸ்மெம்பர் வேண்டியிருப்பதால் பாக்ஸின் உயரம் மாறும். கோணம் கெடுவது அங்கேதான். மவுண்ட்டுக்கு அடியில் ஷிம் போட்டோ, லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு போட்டோ திருத்தலாம். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் அளக்கவேண்டும். ஆக்ஸில் தொங்க அளந்தால் பொய்க்கணக்கு.

யோக் முழுதாக உள்ளே இடித்த நிலையிலிருந்து முக்கால் முதல் 1 அங்குலம் வெளியே நிற்கட்டும். மேட்டில் ஏறும்போது டங்கென்று இடித்தால் ஷாஃப்ட் நீளம். வெட்டிச் சமநிலைப்படுத்திப் போடவேண்டும்.

சத்தம்

நியூட்ரலில் பெடல் மேலே இருக்கும்போது கேட்டு, மிதித்ததும் நின்றால் இன்புட் அல்லது கவுண்டர் ஷாஃப்ட் பேரிங். பெடலைத் தொட்டவுடன் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். கியரில் போட்டு முழுதாக மிதித்து நிற்கும்போது மட்டும் ஊளையிட்டால் பைலட். இன்ஜின் சுற்ற, ஷாஃப்ட் நிற்க, நடுவில் அது மட்டும் வேலைசெய்யும் நேரம் அதுதான். பைலட் சத்தம் வந்தால் புதிதாகப் போடுமுன் மேலே சொன்ன டயல் கேஜ் அளவை எடுங்கள், இல்லையென்றால் புதியதும் போகும்.

மூன்றாவது கியரில் இழுக்கும்போது மட்டும் உறுமல் என்றால் பல் போயிருக்கும். வடித்த ஏடிஎஃபில் காந்தம் விட்டால் துகள் ஒட்டும். 1985–89 டி5-இன் தாங்குதிறன் 265 அடி-பவுண்டு, 1990–93-இல் 300. நாலு பேரல் கார்புரேட்டர் 289-இன் பழைய கணக்குப்படி 305. சாதாரணமாக ஓட்டினால் தாங்கும். 347-ஆகப் பெரிதாக்கிய இன்ஜினும் ஒட்டும் டயரும் சேர்ந்தால் தாங்காது. அங்கே ட்ரெமெக் டிகேஎக்ஸ் போன்றதுதான் சரி.

ஸ்டார்ட்டர்

சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை, வண்டி முன்பு சி4 என்றால், நியூட்ரல் ஸ்விட்ச் வயர் அறுந்து நிற்கிறது. வயர் முனை இரண்டையும் வெறுமனே முறுக்கி விடாமல் கிளட்ச் பெடலில் ஒரு ஸ்விட்ச் வைத்து இணையுங்கள். சுற்றும்போது பல் அரைபட்டால் ஸ்டார்ட்டர் மாறியிருக்கிறது: 3, 4 கியர் வண்டிக்குரியதும், ஆட்டோமேட்டிக், 5 கியர் வண்டிக்குரியதும் மூக்கு ஆழத்தில் வேறு. பெல் ஹவுசிங், நடுத்தகடு, ஃப்ளைவீல், ஸ்டார்ட்டர் நாலும் ஒரே குடும்பமாக இருக்கட்டும்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுகிறது

கேபிள் ஒரு மைலுக்கு 1000 சுற்று சுற்றவேண்டும். டயர் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 20168-ஐ அதனால் வகுத்தால் மைலுக்கு எத்தனை சுற்று என்று வரும். அதை ஆக்ஸில் விகிதத்தாலும் பாக்ஸுக்குள் இருக்கும் டிரைவ் கியரின் பல் எண்ணிக்கையாலும் பெருக்கி, 1000-ஆல் வகுங்கள். 25 அங்குல டயர், 3.25 ஆக்ஸில், 7 பல் டிரைவ் என்றால் 807 × 3.25 × 7 ÷ 1000 = 18.4, 18 பல் கியர் போடலாம். 3.55 ஆக்ஸிலுக்கு 20. டி5-இல் 7 பல், 8 பல் இரண்டும் உண்டு, எண்ணிப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். முள் அசையவே இல்லையென்றால் உள்ளே அந்த பிளாஸ்டிக் கியரைப் பிடித்திருக்கும் கிளிப் விட்டிருக்கும். டெயில் ஹவுசிங்கைக் கழற்றவேண்டும்.

ஒழுகல்

பெல் ஹவுசிங் அடியில் சொட்டுவது கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில்: ரியர் மெயின் சீல், அல்லது சீலர் தடவாமல் முடுக்கிய ஃப்ளைவீல் போல்ட்டுகள். அவற்றைக் கழற்றித் துடைத்து, சீலர் தடவி 75–85 அடி-பவுண்டு முடுக்குங்கள். சிவப்பாக இருந்தால் பாக்ஸின் முன் ரிடெய்னர். பழைய அலுமினிய ரிடெய்னரில் ரிலீஸ் பேரிங் ஓடும் இடம் பள்ளமாகியிருந்தால் எஃகு ரிடெய்னர் மாற்றலாம், ஆனால் அடியில் இருக்கும் ஷிம்மைத் தொலைத்துவிடாதீர்கள். இன்புட் பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிப்பது அது.

பின்னால் யோக் பக்கம் ஒழுகினால், சீலை மாற்றுமுன் யோக்கை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டெயில் ஹவுசிங் புஷ் தேய்ந்திருக்கிறது, எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. மேலே மூச்சுத்துளை வழியாகத் துப்பினால் அளவு கூடிவிட்டது: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு நிரப்புத் துளையின் மூடியைக் கழற்றி, வழிவது நிற்கும்வரை விட்டுவிட்டு மூடியைப் போடுங்கள்.